நீங்கள் சுடாத யானைகள்

நீங்கள் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. உங்கள் கல்லறையில் ‘பெரும் யானை வேட்டைக்காரர்’ என்று இங்கிலீஷில் வெட்டிவிட்டார்கள். வெட்டுவித்தவர்கள் உங்களை அடக்கம் செய்த தேயிலைத் தோட்டத்துத் துரைமார். இன்று காலை கண்டிக்குப் போய்ப் பார்த்தேன். புதுக்கல். உளி பட்ட இடத்தில் இன்னும் தூள் இருந்தது, விரலில் ஒட்டியது. அழுகை வரவில்லை. கோபம்கூடச் சொல்லும்படி வரவில்லை. பஸ் ஏறிக் கெலிஓயாவுக்கு வந்து, கடையைத் திறந்துவிட்டு இதை எழுதுகிறேன்.

போன நூற்றாண்டில் அமெரிக்காவில் பத்திரிகைக்காரராக இருந்தவர் நீங்கள். அங்கே ரயில் பாதை போட்ட கூலிகள் மலையில் செத்ததை நேரில் பார்த்து எழுதினீர்கள், வேலை போயிற்று. ஆப்பிரிக்கக் காட்டுக் கதைகள் அதற்குப் பிறகு, வயிற்றுக்காக எழுதியவை. முதுமையில் என் கடைக்கு எதிர்வீட்டில் குடியேறி, பின்னேரங்களில் என் கதிரையில் உட்கார்ந்து, முஸ்லிம் கடைக்காரனான என்னை ஊரார்போல ‘நானா’ என்று கூப்பிட்டு, உடைந்த தமிழில் நீங்களே சொன்னது: “நானா, செய்தி எழுதினேன், வேலை போச்சு. பொய் எழுதினேன், சோறு வந்துச்சு.”

நான் பள்ளிக்கூடம் போகாதவன். சாமான் சுற்ற வந்த பழைய பத்திரிகைகளில் எழுத்துக் கூட்டி இங்கிலீஷ் படித்தவன். உங்கள் வேட்டைப் புத்தகத்தை முடித்த அன்று கேட்டேன்.

“துரை, இத்தன யானையையும் நீங்களா சுட்டீங்க?”

“யானையா? கண்டிப் பெரஹரா ஊர்வலத்தில் பார்த்தேன். அதுவும் உங்க முதுகுக்குப் பின்னால நின்னு.”

இருமல் வரும்வரை இருவரும் சிரித்தோம்.

கல்லுக்கு வாசகம் எழுதிக் கொடுத்தவர் தோட்டத்துக் கிளாக்கர். கண்டியிலிருந்து வரும் வழியில் அவரிடம் போனேன்.

“புத்தகத்துல ‘நான் சுட்டேன்’னு அவரேதானே எழுதியிருக்காரு? அதுக்கு மேல ஒங்களுக்கு என்னா நானா தெரியும்?”

“அவர்ட இடது கைய முதலை திண்டுட்டு எண்டும் அதுலதான் இரிக்கி. நீங்க பெட்டியில வச்சது ஒத்தக் கையோடயா?”

அவர் பேனாவை மூடினார். “தொரமாரு சொன்னாங்க, எழுதிக் குடுத்தேன். போங்க நானா, யாவாரத்தப் பாருங்க.”

வேலையைப் பறிகொடுத்து நீங்கள் எழுதிய அந்தக் கூலிகளைப் பற்றிக் கல்லில் ஓர் எழுத்தும் இல்லை.

யார் எதைச் சொன்னாலும் “கண்டதா, கேட்டதா?” என்பீர்கள். இப்போது கடைக்கு வருகிறவர்களிடம் நான் அப்படிக் கேட்கிறேன். சிலர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். போகட்டும்.

துரைமார் அந்த வரியைச் செதுக்கி எடுக்க வேண்டும். அந்த இடத்தில் ‘பத்திரிகைக்காரர்’ என்று கிளாக்கர் எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் மரணச் செய்தியிலும் வேட்டைக்காரர் என்றே போட்ட பத்திரிகை ஆசிரியர் திருத்தம் வெளியிட வேண்டும். மலையில் செத்த கூலிகளின் செய்தியைத் தமிழில் எழுத வேண்டியவன் நான். ‘அவர் கண்டது, நான் கேட்டது’ என்று முதல் வரியிலேயே போட்டு.