தட்டில் அழித்த ஓடை

1978, ஆவணி 9, வெள்ளி.

இன்று கண்மாய்க் கரையில் இருந்தது நாலு பேர். மதுரையிலிருந்து வந்த காலேஜ் வாத்தியார், என் கொழுந்தன் விருமாண்டி, என் மகன் ராசாங்கம், நான்.

வாத்தியார் பெரிய தகரத் தட்டில் மண்ணைக் குழைத்து எங்கள் ஊரைச் செய்து வைத்திருந்தார். மேற்கே காட்டை வெட்டிக் கொழுந்தன் செங்கல் சூளை போட்டால் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் பாயும் என்று அதில் ஊற்றிப் பார்ப்பாராம்.

"அங்க பழைய ஓடை ஏதும் உண்டா?"

"ஒண்ணும் கிடையாது சார்" என்றான் கொழுந்தன். ஓடையை உழுது பருத்தி போட்டவனே அவன்தான்.

நான் ஈர மண்ணில் விரலால் கோடு கிழித்தேன். "இப்படித்தான் போச்சு. எனக்குக் கல்யாணமான மறுவருசம் எங்க மாமியா எருமைய இதுதான் அடிச்சிட்டுப் போச்சு."

"அந்த எருமையச் சாட்சிக்குக் கூப்பிடுங்க மதினி" என்று சிரித்தான்.

வாத்தியார் ராசாங்கத்தைப் பார்த்தார். சூளையில் அவனுக்கு மேஸ்திரி வேலை தருவதாகப் பேச்சு.

"ஆத்தாவுக்கு வயசாயிருச்சு சார். அழிச்சிருங்க."

வாத்தியார் கோட்டைத் தடவி அழித்துவிட்டுத் தண்ணீரை ஊற்றினார். அது சாதுவாகக் கண்மாய்க்குப் போனது. சூளையால் கெடுதல் இல்லை என்று எழுதிக்கொண்டார்.

காடு போனால் தண்ணீர் பழைய வழியைத்தான் தேடும். அந்த வழியில் இப்போது என் மகள் பேச்சி வீடு கட்டிக் குடியிருக்கிறாள்.

சின்ன வயதில் அதே ஓடையில் கெளுத்தி மீன் முள் குத்தி அலறிய ராசாங்கத்தை நான்தான் இடுப்பில் தூக்கி வந்தேன். அவனுக்கா ஓடை தெரியாது?

கொழுந்தன் எந்நாளும் அப்படித்தான். ராசாங்கத்தை மட்டும் மன்னிக்க மாட்டேன்.