கூடத்தில் இரண்டு கொக்கி

தொம்மலூர்,
17-2-2002

அன்பு மகள் ஜானகிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் மகள் ரக்ஷிதாவும் சுகம். மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை மறைக்காமல் எழுது.

ஹெப்பகோடி வீட்டை நேற்றுப் போய்ப் பார்த்தேன். நீ பாத்து சரின்னா சரிம்மா, ரிஜிஸ்டர் ஆன மறுமாசமே வந்துடறேன் என்று போனில் சொன்னாயே, எல்லாம் என் ஒரு வார்த்தையில் இருக்கிறதே என்ற பயத்தோடுதான் போனேன். உனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட பவர் பத்திரம் என் பேரில். நாளைக்குக் கையெழுத்து. நான் வேண்டாம் என்றால் வேறு வீடு தேடி முடிக்கிறவரை நீ அங்கேயே கிடப்பாய்.

வாசற்படியில் ஒரு கிழவன் உட்கார்ந்திருந்தான். பார்த்ததும் எனக்கு உடம்பு எரிந்தது. இராஜமாணிக்கம் மேஸ்திரி! வீட்டைக் கட்டி விற்கிறவன் அவன் என்று புரோக்கர் பிரகாஷ் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பல தடவை சொன்னதுதான், மறுபடியும் சொல்வேன். எழுபதாம் வருஷம், ஆடி மாசம், வெள்ளிக்கிழமை. இந்திரா நகரில் மாடி வீட்டு வேலை, நான் சித்தாள். வழியில் இடைஞ்சல் என்று உன் தூளியை அவிழ்க்கச் சொல்லி, சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் கட்ட வைத்தான். கொதிக்கிற சுண்ணாம்பு தெறித்துத்தான் உன் தோளில் அந்த வடு. அன்றைக்கு அவன் போட்டிருந்தது பச்சைக் கட்டம் போட்ட சட்டை. அவனுக்கு இப்போது கண்ணில் புரை. என்னைத் தெரியவில்லை.

குறை கண்டுபிடிக்காமல் திரும்புவதில்லை என்று உள்ளே போனேன். ஒரு ரூபாய்க் காசால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டினேன். அடியில் கலவை இல்லாவிட்டால் காலிக் குடம் மாதிரி சத்தம் வரும். இன்னா ஆயா, பேய் ஓட்டறியா என்றான் பிரகாஷ். ஆமாண்டா, அடுத்தது உனக்குத்தான் என்றேன். சமையல் அறையில் ஒன்றே ஒன்று மாட்டியது. சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டேன். கிழவன் யாரையும் கூப்பிடாமல் தானே மண்டியிட்டு, பெயர்த்து எடுத்து, புதுக் கலவை வைத்துப் பதித்தான். குளியலறையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். எங்கும் தேங்காமல், வழி தெரிந்தது போல ஓட்டைக்குப் போயிற்று. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

கலவை இறுகட்டும் என்று கூடத்துத் தரையில் முந்தானையை விரித்துப் படுத்தேன். ஈர சிமெண்ட் வாசனை. ஜன்னல் வெளிச்சம் மெல்ல நகர்ந்து என் காலில் ஏறியது. கண் சொருகியது. நீ குளித்துவிட்டு ஈரக் காலோடு நடக்கிறாய். தரையில் பாதம் பாதமாகக் காய்கிறது. கடைசிப் பாதம் காய்வதற்குள் கூப்பிட வேண்டும் என்று நினைக்கிறேன், வாய் வரவில்லை. முழித்தபோது மேலே இரண்டு கொக்கி தெரிந்தது.

ஒன்று ஃபேனுக்கு, இன்னொன்று எதற்கு என்று கிழவனிடம் கேட்டேன். தூளிக்கும்மா, நான் கட்டற எல்லா வீட்லயும் வெப்பேன் என்றான். ஏன் என்றேன். முந்தி ஒரு சித்தாளோட கொழந்த தூளிய எடம் மாத்த வெச்சேன், சுண்ணாம்பு பட்டுடுச்சு, அது பொழச்சுதா இல்லியானு கூடத் தெரியாது என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

அந்தச் சித்தாள் நான்தான் என்று சொல்லவில்லை. சொன்னால் அவன் நிம்மதியாகிவிடுவான். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்.

ஆனால் அந்தக் கொக்கியைச் சோதிக்காமல் வரவில்லை. பிரகாஷை ஏணி போட்டுக் கயிறு மாட்டச் சொல்லி, இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். கால் தரையை விட்டது. ஆடினேன், ஜானகி, அறுபத்தாறு வயதில். ஆயா, விழுந்து வெச்சா எம்மேல கேஸ் வரும் என்று பிரகாஷ் கத்தினான். கொக்கி அசையவில்லை.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது கையெழுத்துப் போட்டிருப்பேன். வீடு நல்ல வீடு. கட்டினவனைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

நீ கிளம்பியபோது ரக்ஷிதாவுக்குப் பத்து மாசம். இப்போது தூளியில் அடங்கமாட்டாள், கால் நீளம். ஊஞ்சல்தான் கட்ட வேண்டும். நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருப்பாய். பங்குனிக்குள் வந்துவிடு. கயிறு நான் வாங்கி வைக்கிறேன். முடிச்சு நீ வந்து போடு.

உன் அம்மா,
யசோதா