ஆற்றில் மூழ்கியதாக எழுதப்பட்டவர்

பிரேசோஸ் ஆற்றங்கரை, டெக்சாஸ்
மார்ச் 9, 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

காது மிஷின் மறுபடி மக்கர் செய்வதாக எழுதியிருந்தீர்கள். போனில் பேச முடியாவிட்டால் போகட்டும், உங்கள் கையெழுத்தைப் பார்க்க எனக்கொரு சாக்கு.

இங்கே காலையில் ஆற்றிலிருந்து பனி எழுந்து, உழுத பருத்திக்காட்டை மூடிவிடுகிறது. நான் நடக்கிறேனா, காடு நகர்கிறதா என்றே தெரிவதில்லை. ஃப்ரீவே அகலமாகிறது என்று ஒரு பழைய இடுகாட்டை இடம் மாற்றுகிறார்கள். எலும்புகளைப் பரிசோதித்துக் குறிப்பெழுதுவது என் வேலை. வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளையர், இந்தப் பக்கம் கறுப்பர்.

இந்தப் பக்கத்தில் எல்மர் ஹேய்ஸ் என்றொருவர். 1946இல் ‘ஆற்றில் மூழ்கிச் சாவு’ என்று சான்றிதழ். மண்டையோட்டின் பின்புறம் குண்டு துளைத்த ஓட்டை இருக்கிறது, அப்பா. அவர் மகள் ரூத்துக்கு எண்பத்திரண்டு வயது. தினமும் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். “எங்கப்பா நல்லா நீந்துவார்” என்றார். 

ஒரு டாக்டருக்கு இது எப்படித் தெரியாமல் போகும்? எத்தனையோ போஸ்ட்மார்ட்டம் செய்தவர் நீங்கள். சொல்லுங்கள்.

உங்கள் கயல்


தாராபுரம்
மார்ச் 24, 2024

கயல் கண்ணுக்கு,

தெரிந்திருக்கும். வாசலில் ஆட்கள் நின்றிருப்பார்கள். அதில் ஒருவன் வேண்டப்பட்டவனாக இருந்திருப்பான். டாக்டரை மட்டும் குறை சொல்லாதே.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு பகலெல்லாம் அரைத்தூக்கம். நீ சின்னப் பெண்ணாக வந்து ஸ்டெதாஸ்கோப்பை இழுக்கிறாய். ஊருக்கு எப்போது வருகிறாய்? திருமூர்த்தி மாமா கேட்டுக்கொண்டே இருக்கிறார். உன் அம்மா பருப்புப்பொடி அரைத்து வைத்திருக்கிறாள்.

அப்பா


டெக்சாஸ்
ஏப்ரல் 20, 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்மருக்குச் சான்றிதழ் எழுதிய டாக்டரின் பேரன் ஒரு பழைய குறிப்பேட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ‘சுட்டது ஷெரிஃபின் தம்பி. மூன்று பேர் வாசலில் நிற்கிறார்கள். மூழ்கியதாக எழுதினேன்.’ ஓட்டுப்போடப் பெயர் பதிந்ததுதான் எல்மர் செய்த குற்றம். சுட்டவன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டான். ரூத் அந்தப் பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குறிப்பேடு கிடைப்பதற்கு முன்பே வாசலில் ஆட்கள் நின்றதை நீங்கள் எழுதிவிட்டீர்கள். எப்படி அப்பா?

கயல்


தாராபுரம்
மே 6, 2024

கண்ணு,

1986. ஊராட்சித் தேர்தலில் காலனிக்காரர் மாரப்பன் மனு கொடுத்தார். மூன்றாம் நாள் அவர் உடல் என் மேஜைக்கு வந்தது. கழுத்தில் கயிற்றுத் தடம். வாசலில் நின்றது உன் திருமூர்த்தி மாமா. “மாப்பிள்ளை, பாம்புன்னு எழுதுங்க, போதும்” என்றார். எழுதினேன். உனக்கு அப்போது மூன்று வயது. பயம் என்று சொல்லிக்கொண்டேன். பயம் பாதிதான், மீதி, நம் ஆட்கள் என்பது.

அப்பா


தாராபுரம்
ஜூன் 18, 2024

கயலுக்கு,

உன்னிடமிருந்து கடிதமில்லை. வராது என்று தெரிந்தேதான் தபால்காரரை எதிர்பார்க்கிறேன்.

மாரப்பனின் மகள் பவளத்தைத் தேடிப் போனேன். அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “எங்கம்மா சாகற வரைக்கும் அந்தப் பாம்பத் தேடுச்சுங்க. மழை பேஞ்சா தடியெடுத்துக்கிட்டு ஊட்டச் சுத்தி நடக்கும். என்னைக் கீழ படுக்கவே உடாது. இல்லாத பாம்புக்காங்க அப்படி நடந்துச்சு?”

அங்கன்வாடி நோட்டில் ஒரு தாளைக் கிழித்து என் முன் வைத்தாள்.

“இத எழுதிக் குடுப்பீங்களா?” என்றாள். அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாளைக்கு எஸ்.பி. ஆபீஸ் போகிறோம். காரில் கூட்டிப்போகிறேன் என்றதற்கு, “வேண்டாங்க, நான் பஸ்ல வந்துக்கறேன்” என்றுவிட்டாள்.

உன் மாமாவிடமும் சொல்லிவிட்டேன். உன் அம்மா பெட்டியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். வீடு தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் சத்தமில்லாமல் இருக்கிறது.

பவளத்திடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவள் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். உன்னிடமும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
கந்தசாமி