படம் பார்த்துச் சொல்ல நான் இருந்தேன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் பேனாவைத் திறக்கிறேன். இருமல் விட்டதா? இந்தக் காலத்தில் காகிதமா என்று சிரிக்காதே. போனில் சொன்னால் அப்பா பக்கத்து அறையிலிருந்தே கேட்டுவிடுவார், மின்னஞ்சல் என்றால் அந்தக் கணினியே அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டிவிடும். உன்னிடம் மட்டும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

அப்பா இணையத்தில் சதுரங்கம் ஆடுவது உனக்குத் தெரியும். உள்ளே நுழையும்போதெல்லாம் நீ எந்திரமா மனுஷனா என்று அந்தத் தளம் சோதிக்கும், சிக்னல் விளக்கு இருக்கிற படங்களைத் தொடு என்று ஒன்பது கட்டம் காட்டும். பார்வையில்லாதவர் எதைத் தொடுவார்? நான்தான் தொடுவேன். முப்பத்தொரு வருஷமாக அவருக்குக் கண்ணாக இருந்தவளுக்கு இது என்ன பெரிய வேலை, பெருமையாகத்தான் இருந்தது, அந்தக் குதிரைக்காரி வரும்வரை. பெயர் தெரியும், எழுத மனமில்லை. எதற்கெடுத்தாலும் குதிரையை நகர்த்துகிறவள், அவளுக்கும் பார்வை இல்லை. அவளோடு ஆட்டம் என்றால் அப்பா தலை வாரிக்கொண்டு உட்காருகிறார். பார்க்காதவளுக்காகப் பார்க்காதவர் தலை வாருவதை எங்கே போய்ச் சொல்ல? ஒருநாள் சாப்பாட்டில் கை வைத்தபடியே, "அவ ஆட்டத்துல ஒரு அழகு இருக்கு" என்றார். என்னுடைய எதையும் அவர் அழகு என்று சொன்னதில்லை, அந்தச் சொல்லே அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அந்தத் தளத்துப் போட்டியில் அவர்கள் இருவருக்கும் அரையிறுதி. சிக்னல் விளக்கைக் கேட்டது, மரத்தைத் தொட்டேன். பஸ்ஸைக் கேட்டது, லாரியைத் தொட்டேன். மூன்றாவதும் தப்பு, ஒரு நாளைக்குக் கதவு சாத்தியாயிற்று. படத்துக்குப் பதிலாகக் காதால் கேட்கும் சோதனையும் உண்டு, அப்பா முன்பே பலதடவை முயன்றிருக்கிறார். இரைச்சலுக்கு நடுவே யாரோ எண்களைச் சொல்வார்கள், அதே நேரம் திரையைப் படிக்கும் குரலும் பேசும், எண் எது இரைச்சல் எது என்று பிரிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். இது சத்தியம். ஆனால் அன்றைக்குக் கெடுத்தவள் நான். அவர் தடவிப் பார்த்து ஆட வைத்திருக்கும் பலகையில் காய்களின் மேல் கை வைத்தபடி ஐந்து மணிவரை உட்கார்ந்திருந்தார், அவள் ஆடாமலே ஜெயித்தாள். எனக்கு இனித்ததா என்றால், ஒரு வாய் காபி உள்ளே போகிறவரை இனித்தது.

அப்புறம்தான் அவர், படச் சோதனையில் மூன்று தடவை தோற்று வெளியே நின்றேன் என்று அந்தப் புகாரை எழுதி, தளத்துக்காரர்களுக்கும் உனக்கும் அனுப்பினார். அவர்கள் படச் சோதனையையே நீக்கிப் பார்த்தார்கள், நாலே நாளில் எந்திரங்கள் புகுந்து ஆட்ட அறை முழுக்க இளைக்கும் மாத்திரை விளம்பரம். இப்போது போனுக்கு ஒரு எண் வருகிறது, போனே படித்துச் சொல்கிறது, அவரே உள்ளே போகிறார். நான் கரண்டியோடு வாசற்படியில் நிற்கிறேன். அதுகூடப் போகட்டும். இந்தச் சோதனைகளையே தயாரிக்கும் உன் அலுவலகத்தில் அந்தப் புகாரை வாசித்தேன் என்றாயே, "படத்த எடுத்தா எந்திரம் ஊர்வலமா வரும்"னு எப்போதும் சொல்கிற உன் மேலதிகாரியே அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார் என்றாயே, அங்கேதான் எனக்குப் பயம். அன்றைக்கு எதைத் தொட்டோம் என்று யாராவது தோண்டினால் உன் பெயர் கெடும். மூன்று தடவை தோற்றேன் என்கிற அந்த வரியை மட்டும் அடித்துவிடு.

நேற்று இங்கே நிறுத்தினேன். காரணம், அப்பா கதவருகே வந்து நின்று, "பேனா இவ்ளோ நேரமா கீறுதே, யாருக்கு?" என்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "தெரியும். நீ ஒரு நாளும் தப்பா அமுக்கினதில்ல, அன்னிக்கு மூணும் தப்பு. மூணு தடவை தோத்தேன்னுதானே எழுதினேன், ஏன்னு எழுதலையே" என்றார். என்மேல் கோபமில்லையா என்று கேட்டேன். "இருக்கு. ஒரு வாரம் உன்கிட்ட சரியா பேசினேனா?" என்றார். பேசவில்லைதான், நான் அதையும் அவள் கணக்கில் எழுதியிருந்தேன். பிறகு மெதுவாக, "நான் உள்ள போறதும் போகாததும், உன் மனசு அன்னிக்கு எப்படி இருக்குங்கறதப் பொறுத்து இருக்கக் கூடாது. அதுக்குத்தான் எழுதினேன்" என்றார்.

ஆகையால் எதையும் அடிக்காதே. அதற்குக் கீழே, பொறாமையில் மனைவி வேண்டுமென்றே தப்பாகத் தொட்டாள் என்று சேர்த்து எழுது, உன் மேலதிகாரி சத்தமாகவே வாசிக்கட்டும். பொறாமை போய்விட்டதா என்று கேட்காதே, போகவில்லை. நேற்று அவள் இவரை இருபத்திரண்டே நகர்த்தலில் தோற்கடித்தாள், என்ன திமிர் பார்.

இரண்டு பேரும் நீண்ட ஆயுசோடு நிறைவாக இருங்கள். கஷாயத்தைப் பாதியில் நிறுத்தாதே. தப்பாகத் தொட்டது யார் என்று அங்கே கேட்டால் 'வீட்டில் ஒருவர்' என்று மழுப்பாமல் என் பெயரையே சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா