பாட்டிலில் அடைத்த சாக்கடை

மார்ச் 3

பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

உன் மகள் படம் வந்த பேப்பரை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். புடவை எடுக்கும்போதெல்லாம் அவள் முகத்தில் விழிக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு இப்படி ஒரு பேத்தி. என் நடையே மாறிவிட்டது என்று தெருவில் கேலி பேசுகிறார்கள். பேசட்டும்.

ஆனாலும் அவள் ஆராய்ச்சிக்கு மண் எடுத்த இடத்தை நினைத்தால் குமட்டுகிறது. துவைக்கிற கல்லுக்குப் பின்னால், சாக்கடை ஓரத்துக் கறுப்புச் சேறு. "சீ, அதைப் போய்த் தொடாதேடி" என்றேன். "கையுறை போட்டிருக்கேன் பாட்டி. இதுல கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி இருக்கு. பக்கத்துப் பூச்சியை விரட்ட ஒரு சாறு விடுது" என்றாள். அந்தச் சாற்றைப் பிரித்தெடுத்து, கண்ணாடித் தட்டில் வளர்கிற ரத்தப் புற்று அணுக்கள் மேல் விட்டாளாம். தறிகெட்டுப் பெருகிக்கொண்டிருந்தவை அப்படியே நின்றுவிட்டனவாம்.

"அப்போ மருந்து கிடைச்சிடுச்சா?"

"தட்டுலதான் நிக்குது பாட்டி. நல்ல அணுவையும் சேர்த்துக் கொல்லுது. மனுஷங்களுக்குக் குடுக்க எத்தனையோ வருஷம் ஆகும். குடுக்க முடியாமலே போனாலும் போகும்."

கீழ்வீட்டுத் தையல்காரிக்கும் அதே ரத்தப் புற்றுதான். ஆஸ்பத்திரி மாத்திரையில் தேறி, மறுபடி மெஷினில் உட்கார்கிறாள்.

ஒன்று கேட்க வேண்டும். போன வாரம் வந்தபோது வாளி வாளியாகச் சேறு அள்ளிப் போனாயே, எதற்கு? பூந்தொட்டிக்கு என்றாய். உன் வீட்டில் ஒரு தொட்டியையும் நான் பார்த்ததில்லை.

அம்மா

மார்ச் 12

அன்பான அம்மாவுக்கு,

இடுப்பு வலி தேவலை. தொட்டி இப்போதுதான் வாங்கினேன். எதற்கெடுத்தாலும் போலீஸ்காரர் மாதிரி விசாரித்தால் எப்படி?

நம் வீட்டு மண், நம் வீட்டுப் பெண் கண்டுபிடித்தது. பேப்பர்காரனெல்லாம் கொண்டாடுகிறான், நாம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா? தையல்கார அக்காவுக்கும் என்னால் ஆன உதவி செய்திருக்கிறேன். நீங்களே கண்ணால் பார்ப்பீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பெரியவன்

மார்ச் 29

பெரியவனுக்கு,

பார்த்தேன்.

கீழே மெஷின் சத்தமே காணோமே என்று இறங்கிப் போனேன். காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். தலைமாட்டில் ஒரு பாட்டில், அதன் மேல் உன் மகள் படம். "உங்க பேத்தி மருந்துதானேம்மா, உங்க பிள்ளை கொண்டாந்து குடுத்தார். மாத்திரையை நிறுத்தினாத்தான் இது வேலை செய்யும்னார்" என்றாள்.

மூடியைத் திறந்து முகர்ந்தேன். கிராம்பு வாசனைக்கு அடியில் என் வீட்டுச் சாக்கடை. இத்தனை வருஷம் துணி அலசி ஊற்றியவள் நான், அந்த நாற்றம் எனக்குத் தெரியாதா? அங்கேயே வாந்தி எடுத்தேன். அவள் அதைத் தினமும் காலையில் குளித்துவிட்டு, கும்பிட்டுக் குடித்திருக்கிறாள்.

ஆட்டோவில் போட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். "இந்த நோய்க்காரங்க உடம்புல எதிர்த்து நிக்கத் தெம்பே இருக்காது. இந்தக் கண்றாவியைக் குடிக்கக் குடுத்தது யாரு?" என்றார் டாக்டர். பாட்டிலை அவரிடமிருந்து வாங்கி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

இன்னும் யார் யாருக்குக் கொடுத்தாய்? ஒவ்வொரு வீட்டுக்கும் நீயே போ. பாட்டிலை வாங்கிக் கொட்டு, மாத்திரையைத் திரும்பப் போடச் சொல். ஒரு வாரம் பார்ப்பேன். நீ செய்யாவிட்டால் நான் செய்வேன்.

அம்மா

ஏப்ரல் 3

அம்மா,

அவசரப்படாதீர்கள். நான் காய்ச்சி வடிகட்டித்தான் கொடுத்தேன். அவள் சாற்றை மட்டும் எடுக்கிறாள், நான் முழுசாகக் கொடுக்கிறேன், அவ்வளவுதானே வித்தியாசம்? வாங்கிப் போகிறவர்கள் முகத்தில் எவ்வளவு நம்பிக்கை தெரியுமா? அதை எந்த ஆஸ்பத்திரி கொடுக்கும்?

வெளியே தெரிந்தால் நான் மட்டும் மாட்ட மாட்டேன். படத்தில் இருப்பது உங்கள் பேத்தி. அவள் வேலை போகும். பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுக்காதீர்கள். அந்தப் பாட்டிலைக் கழுவித் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பெரியவன்

ஏப்ரல் 14

பெரியவனுக்கு,

உன் மகளிடம் போனில் எல்லாம் சொன்னேன். "வேலை போனாப் போகட்டும் பாட்டி. பாட்டிலைக் கழுவிடாதீங்க" என்றாள்.

மறுநாளே வந்தாள். இரண்டு பேரும் சுகாதார அதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். மூடியைத் திறந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யார் செய்தது என்று கேட்டார். என் பெரிய பிள்ளை என்றேன். விலாசமும் சொன்னேன். உன்னிடம் வருவார்கள். வாங்கிப் போனவர்கள் ஒருவரையும் விடாமல் சொல்லிவிடு. அதிலாவது மனுஷனாக இரு.

தையல்காரிக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கிறது. மாத்திரையை மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். விட்ட இடத்தில் பிடிக்குமா என்று கேட்டால், பார்க்கலாம் என்று மட்டும் சொல்கிறார் டாக்டர். அவளோ, "உங்க பிள்ளை நல்லது நினைச்சுத்தானேம்மா குடுத்தார்" என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். அதைத்தான் சகிக்க முடியவில்லை.

எல்லாம் முடிந்து நீ இங்கே வந்தால் கதவைச் சாத்த மாட்டேன். பெற்றவள் நான். பாய் போடுவேன், தட்டு வைப்பேன். ஆனால் எனக்கு விக்கல் எடுத்தாலும் நீ எழுந்துபோய்த் தண்ணீர் மொண்டு நீட்டாதே. உன் கையால் வாங்கிக் குடிக்க மாட்டேன்.

அம்மா