பட்டறையில் பதில் சொல்பவன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், உன் இருமல் விட்டு, வேளைக்குச் சாப்பிட்டு நீயும் சுகமாக இருக்க வேண்டும். நேற்று உன் போட்டோ வந்தது. பாதி வாரம் ஃபேக்டரி, பாதி வாரம் யுனிவர்சிட்டி என்று அலைந்து கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற படிப்பு என்றாயே, சாப்பிடாமல் படிக்கிற படிப்பு என்று சொல்லவில்லையே. மெக்கானிக்கல் வேண்டவே வேண்டாம் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன், யார் கேட்டீர்கள். சரி, அதை விடு.

போட்டோவில் லேத் மிஷின் முன்னால் நிற்கிறாய், போட்டிருப்பது உன் அண்ணனின் நீலச் சட்டை. அதைக் காணாமல் அலமாரியையே புரட்டிப் போட்டுத் தேடினேன். அவன் ஞாபகமாக எடுத்துப் போனாய், ரூமில் போட்டுக்கொள், யார் வேண்டாம் என்றது? மிஷின் முன்னால் அந்த முழுக்கைச் சட்டையா? அவனை மிஷின் எதைப் பிடித்து இழுத்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

நம் பட்டறைப் பழக்கத்தை நீ கேட்டு வளர்ந்தவள். சுவிட்சில் நிற்பவர் “கை?” என்று கேட்க, மிஷினில் நிற்பவர் “வெளியே” என்று சொன்ன பிறகுதான் சுவிட்சைப் போடுவது. உன் அண்ணன் நம்மை விட்டுப் போன அன்றைக்குக் கேட்க ஆளில்லாமல் தானே சுவிட்சைப் போட்டான். அதற்குப் பிறகு அப்பா தனியாகத்தான் வேலை பார்க்கிறார், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் “கை?” என்று கேட்டுவிட்டுத் தலையைச் சாய்த்து நிற்கிறார். பிறகு தலையாட்டிவிட்டுச் சுவிட்சைப் போடுகிறார். உள்ளே ஈ காக்கை கிடையாது. யாருங்க பதில் சொல்றது என்று கேட்டேவிட்டேன். வேற யாரு, அவன்தான் என்றார், பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்வதுபோல. பயந்து போனேன். இப்போது நானும் சாப்பாட்டுக் கேரியரோடு வாசலில் நின்று காது கொடுக்கிறேன். எனக்குக் கேட்பதில்லை. பெற்றவளுக்கு ஒரு தடவை கேட்டால் என்ன குறைந்துவிடும்?

போன செவ்வாய்க்கிழமை அப்பா நடுப்பகலிலேயே வந்துவிட்டார், சாப்பாட்டைத் தொடவில்லை. எத்தனை தடவை கேட்டும் அவன் பதிலே சொல்லல, பூட்டிட்டு வந்துட்டேன் என்றார். சாயங்காலம் உன் போன். மிஷினில் சட்டைக்கை மாட்டிக்கொண்டது, நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை அமுக்கித் தப்பித்தேன் என்று சினிமாக் கதைபோலச் சிரித்துக்கொண்டே சொன்னாய். எந்தச் சட்டை என்று மட்டும் சொல்லவில்லை. அந்தப் பொத்தான் எனக்கு எட்டவே எட்டாதும்மா, எப்படி அமுக்கினேன்னே தெரியல என்றாய். போனை வைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னேன். அங்க போயிருந்தானா, அதான் என்று சொல்லி, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டார். நான்தான் அடுப்படியில் போய் அழுதேன்.

இதைப் படித்த கையோடு கத்தரிக்கோலை எடுத்து அந்தச் சட்டையின் இரண்டு கையையும் முழங்கைக்கு மேலே வெட்டு. மனசு வராவிட்டால் அம்மா சொன்னாள் என்று வெட்டு. வேலை சொல்லிக் கொடுப்பவர் சிரித்தார் என்று “கை?” கேட்பதை விட்டுவிட்டாயாமே, அவர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், நீ கேள். முடியை இறுக்கிக் கட்டு. ஒரு குறையுமில்லாமல் படிப்பை முடித்து, நீண்ட ஆயுளோடு இரு என் கண்ணே. அந்தச் செவ்வாய்க்கு மறுநாளே பட்டறையில் பதில் வந்துவிட்டதாம், ஆனால் குரல் களைத்திருந்தது என்கிறார் அப்பா. அவனை இன்னொரு தடவை அவ்வளவு தூரம் அலைய விடாதே.

இப்படிக்கு,
உங்கள் இருவரின் அம்மா