கைரேகை தெரிகிற தண்ணீர்

என் அருமைத் தோழா,

இன்று காலை சவரம் முடிந்ததும் கடைக்காரர் கன்னத்தில் படிகாரத்தைத் தேய்த்தார். உதட்டோரம் துவர்த்தது. அவ்வளவுதான், படிகாரம் கரைக்கும் மூங்கில் கழியோடு நீ என் கண்முன் வந்து நின்றுவிட்டாய்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷங்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் குடிதண்ணீர் வடித்து அனுப்பும் தொட்டியடியில் நாம் வேலை பார்த்தோம். ஒரே வயது, ஆனால் நீ நிரந்தரம், நான் தினக்கூலி. மலையில் மழை பெய்தால் தண்ணீர் செக்கச்செவேலென்று வரும். படிகாரம் போட்டுத் தெளியவைத்து, இரண்டு மணல் தொட்டிகளில் வடிப்போம். வடிந்ததைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்து, அதற்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாய்.

"ரேகை தெரியாத தண்ணிய ஊருக்கு விடக்கூடாதுலே."

"ஒன் ரேகையில என்னதான் எழுதியிருக்கு?"

"ஒன்னோட மாரடிக்கணும்னு இருக்கு."

மணல்மேல் படியும் வழுவழுப்பான பாசித்தோல் எனக்கு அருவருப்பு. மடப்பள்ளிப் பாத்திரம் துலக்குகிற வீட்டில் பிறந்தவன் அல்லவா? நீயோ அதைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாய். "அழுக்குன்னு நெனைக்காத. அதுதான் தண்ணிய வடிக்குது. ஒரு தொட்டியச் சுரண்டினா, பாசி திரும்பப் பிடிச்சு அது தேறுற வரைக்கும் மத்ததத் தொடாத" என்பாய்.

அந்த ஆடிப்பூரத்துக்கு ஊரே வீடுவாசலைக் கழுவிவிட்டது. நீ தங்கைக்கு ஆடிச் சீர் கொண்டு ராஜபாளையம் போயிருந்தாய். ஆண்டாள் தேருக்கு நம் தொட்டிகளும் பளிச்சென்று இருக்கட்டுமே என்று, இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டச் சுரண்டினேன். மலையில் மழை பிடித்துக்கொண்டது.

தேரன்று காலை சீர் முறுக்குப் பொட்டலத்தோடு வந்தாய். தம்ளரைப் பிடித்தாய். கையே தெரியவில்லை. ஊருக்குப் போகும் குழாயை அடைத்து, கலங்கலை ஓடையில் திருப்பிவிட்டாய். படிகாரத்தைக் கூட்டினாய், தொட்டிக்கு வரும் தண்ணீரைக் கால்வாசியாகக் குறைத்தாய்.

ஓவர்சீயர் குதித்துக்கொண்டு வந்தார். "தேரன்னைக்குத் தண்ணிய நிப்பாட்டினது யாருலே?"

"நாந்தான்யா."

"ரெண்டு தொட்டியையும் சுரண்டினது?"

நான் தரையைப் பார்த்தேன்.

"அதும் நாந்தான்."

சாயங்காலம் ரேகை தெரிந்தது, குழாயைத் திறந்தாய். மறுவாரம் உன்னை மலையடி வாய்க்கால் காவலுக்குத் தூக்கியடித்தார்கள். உன் இடத்தை எனக்குக் கொடுத்தார்கள். "ஒன் பேரச் சொல்லியிருந்தா ஒனக்கு வேலையே போயிருக்கும்லே. எனக்கு எடந்தான மாறுது" என்று சிரித்தாய். ஆனால் போகும்போது இரண்டு தொட்டிகளையும் சுற்றிவந்து பார்த்தாய். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

ஓய்வு பெறும்வரை ஒரு தொட்டி தேறாமல் மற்றதை நான் தொட்டதில்லை. போன மாதம் உன்னை அடக்கம் செய்த இடத்தில் யாரோ, "தேரன்னைக்கே ஊருக்குத் தண்ணியில்லாம ஆக்குன மனுசன்" என்று கிண்டலாகச் சொன்னார். உன் தங்கை தலைகுனிந்தாள். பக்கத்தில்தான் நின்றேன். அன்றும் வாயைத் திறக்கவில்லை.

இப்போதும் தம்ளரை எடுத்தால் பின்னால் கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறேன். ரேகை நன்றாகத் தெரிகிறது. இரண்டு தொட்டியையும் சுரண்டிய கை அது. உன் தங்கைக்கு அது இன்னும் தெரியாது.